இலையில்லாத புதர்

சௌந்திரத்துக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? மாமாவுக்கு இருமல் நின்றதா?

ராஜஸ்தானில் போர்வெல் போட வந்த இடத்தில், சோறாக்க விறகு தேடினேன். ஓர் இலைகூட இல்லாமல் ஒரு புதர் நின்றது. பட்டுப்போனது என்று கிளையை வெட்டினால், உள்ளே பச்சை! எங்களைப் போர் போடக் கூப்பிட்ட காட்டுக்காரம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தார். வேலையே போச்சென்று அரிவாளைக் கீழே போட்டுவிட்டேன். இந்தி தெரிந்த டிரைவர் பூபதிதான் சமாதானம் பேசினார்.

"உசுருள்ள செடியாமப்பா. இலை வெச்சா வெயில்ல தண்ணி போயிருமுன்னு, தண்டே இலை வேலையப் பாக்குதாமா" என்றார்.

என் முழியைப் பார்த்து அந்தம்மா சிரித்துவிட்டார். அந்தப் புதரின் காயில் போட்ட ஊறுகாயும் தந்தார். அப்பாடா!

ரிக் வண்டி கிளம்புகிறது. கறிவேப்பிலை காயவைத்து அனுப்பு. பொடிக்காதே, இலையாகவே வரட்டும். கண்ணால் பார்த்து நாளாச்சு.

தமிழரசு