இந்தப் படமெல்லாம் எங்கே போகுது?

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்து, பிறகு ஒரு நாள் ‘சார்’ என்று கூப்பிட்ட என் பாக்கியம் அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ சிரித்து முடித்தால்தான் மிச்சத்தை எழுத எனக்குத் துணிச்சல் வரும். ஒசாகா கோட்டைக்கு முன்னால் காலை முழுக்க நின்று நான் எடுத்த படங்களில் ஒன்றில்கூடக் கோட்டை இல்லை. எல்லாவற்றிலும் என் மூக்குதான். கெமரா என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. வெயிலில் போன் திரை தெரியவில்லை, நானும் பெரிய படக்காரன் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிக்கொண்டே இருந்தேன். ரயிலில் வைத்துத்தான் தர்ஷினி பார்த்தாள்.

“அப்பா, கோட்டை எங்க? ரெண்டு குகை மட்டுந்தான் தெரியுது.”

ஆமாம் அக்கா, ஜப்பானுக்குப் போய் வந்தேன். நம்பமாட்டாய். நீ தூக்கி வைத்துத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கெல்லாம் கொண்டு திரிந்தாயே என் மகள், அவள் கியோட்டோ நகரத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை செய்கிறாள். அந்தப் பாஷையைக் கடகடவென்று பேசுகிறாள். அவள்தான் டிக்கட் அனுப்பினாள். உன் தம்பி பொண்டாட்டி, “கடலுக்கு மேல பறக்குறதுக்கு நான் என்ன கொக்கா?” என்று சொல்லிவிட்டுக் கெலிஓயாவிலேயே இருந்துகொண்டாள். நான் மட்டும் தனியாகக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

எத்தனை வருசம் ஜப்பான்காரர்களை வேனில் ஏற்றி இறக்கியிருப்பேன்! கண்டித் தலதா மாளிகை, பேராதனைப் பூந்தோட்டம், பிறகு வத்தேகமைக்கு மேலே உங்கள் தேயிலை மலை. அவர்கள் மாட்டைப் படம் பிடிப்பார்கள், தேங்காய்க் கடையைப் பிடிப்பார்கள், மின்கம்பத்துக் காகத்தைக்கூட விடமாட்டார்கள். “கண்ணால பாக்கவே மாட்டானுங்க போல” என்று நான் கேலி செய்வேன். இப்போது நான் அங்கே என்ன செய்தேன் தெரியுமா? தெருவோரம் பானம் விற்கும் பெட்டியைப் படம் எடுத்தேன். சாக்கடை மூடியை எடுத்தேன். அதில் பூவெல்லாம் வரைந்திருக்கிறார்கள் அக்கா, மிதிக்கவே மனசு வராது. நாரா என்ற ஊரில் மான்கள் குனிந்து கும்பிட்டுத் தீனி கேட்கின்றன. நான் திருப்பிக் குனிந்தேன். அதையும் யாரோ ஒரு சீமாட்டி படம் எடுத்துக்கொண்டு போனாள்.

டிரைவர் புத்தி மட்டும் போகவில்லை. டெக்சி வந்து நின்றதும் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறக்கக் கையை நீட்டினேன். அந்த ஊரில் டெக்சிக் கதவு தானாகவே திறக்குமாம். திறந்து என் முழங்காலில் ஒரு இடி. டிரைவர் பாவம், வெள்ளைக் கையுறையோடு இறங்கி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கும் அவருக்கும் யார் அதிகம் குனிவது என்று போட்டி. தர்ஷினி தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதற்குச் சிரிக்காதே. அங்கே நான் உன்னைத் தேடினேன்.

நீ கேட்பாயே, ஒவ்வொரு முறையும். நான் வேனை நிறுத்தி, ஆட்களை இறக்கி, தேயிலை நிரைக்குள் கூட்டிக்கொண்டு வருவேன். நீ கூடையோடு நிமிர்ந்து, மூக்குத்தி தெரியத் தலையைச் சாய்த்து, முன்பல் ஓட்டை தெரியச் சிரித்துக் கொடுப்பாய். அவர்கள் ஒரு சவர்க்காரக் கட்டியோ எழுதும் பேனையோ கையில் திணித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வேனில் ஏறியதும் நீ கேட்பாய்: “டேய் தம்பி, இந்தப் படமெல்லாம் எங்கடா போகுது?”

“ஜப்பானுக்குப் போகுது. ஒன்னய சட்டம் போட்டு மாட்டி வச்சிருப்பாங்க.”

“அப்ப நான் சாமியாயிட்டேனா? பூ வைப்பாங்களாடா?”

எத்தனை பேர் விலாசம் வாங்கிக்கொண்டு போனார்கள்! ஒரு படம்கூடத் திரும்பி வரவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று நானும் யாரையும் கேட்கவில்லை. நீ போனபோது வீட்டில் மாட்ட உன் படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினோம். அதில் நீ பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறாய். எங்கள் வீட்டுக்கு வரும் உன் பேரன் அதைப் பார்த்து அழுகிறான். நீ சிரிக்கிற படமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், யார் யார் வீட்டு அலுமாரிக்குள்ளோ கிடக்கிறது.

அதனால்தான் தேடினேன். ஒசாகாவில் ஒரு தேயிலைக் கடை வாசலில் கொழுந்து எடுக்கும் பெண் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தேன். மூக்குத்தி மற்றப் பக்கம். பல்லெல்லாம் முழுசாக இருந்தது. நீ இல்லை. கடைக்காரப் பையன் வெளியே வந்து குனிந்து வரவேற்றான். வெறும் கையோடு திரும்ப வெட்கமாகி, நம் மலைத் தேயிலையையே அங்கே ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி எழுத வந்ததற்கு வருகிறேன்.

கியோட்டோவில் ஒரு புத்தர் கோயில். அதன் தோட்டம் முழுக்கப் பாசி. மழைக்குப் பிறகு நம் வரிசை வீட்டு லயத்துக் கூரையில் படருமே, அதே பாசிதான் அக்கா. நாம் சுரண்டி எறிவதை அவர்கள் காவல் போட்டு வளர்க்கிறார்கள். அந்தப் பாசிக்குள் வயதான பெண்கள் குந்தியிருந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துணி, துணிக்கு மேல் தொப்பி, முழங்கை வரை உறை, இடுப்பில் நம் படங்குச் சாக்கு மாதிரி ஒன்று, பக்கத்தில் சின்னக் கூடை. ஒருத்தியின் விரல் போன வேகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பார்க்காமலே பிடுங்குகிறாள், பார்க்காமலே கூடைக்குள் போடுகிறாள்.

பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பழக்கதோசம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. வேலியாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அவளுக்கு முன்னால் போய் நின்றேன். கையைத் தட்டினேன். நாடியைத் தூக்கி முகத்தைக் காட்டு என்று விரலால் காட்டினேன். கூடையை நானே எடுத்து அவள் மடிக்கு முன்னால், படத்தில் விழுகிற மாதிரி நகர்த்தி வைத்தேன். “ஸ்மைல், ஸ்மைல்” என்றேன். உன்னிடம் செய்ததில் ஒன்றும் குறைக்கவில்லை.

“அப்பா!” தர்ஷினி ஓடி வந்தாள். “என்னா செய்றீங்க? வெளிய வாங்க! அவங்கள்ட்ட கேட்டீங்களா?”

“ஒரு படந்தானே புள்ள...”

“அவங்க வேல செய்றாங்க. பொம்மை இல்ல.”

அவள் அந்த அம்மாவிடம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். என் மகள் எனக்காக மன்னிப்புக் கேட்கிறாள், நான் சப்பாத்துக் காலோடு பாசியை மிதித்துக்கொண்டு நிற்கிறேன். கயிற்றுக்கு வெளியே வந்தபோது காது இரண்டும் எரிந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அந்த அம்மா கோபப்படவில்லை. உறையைக் கழற்றி, கழுத்துத் துணியால் முகத்தைத் துடைத்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பியது அப்படியே நீ எழும்புவது மாதிரி. ஏதோ சொன்னாள்.

“இப்ப எடுக்கட்டுமாம்,” என்றாள் தர்ஷினி. “ஆனா ஒன்னு கேக்குறாங்க அப்பா. இந்தப் படம் எங்க போகும்னு கேக்குறாங்க.”

அக்கா, நான் போனைப் பிடித்திருந்த கை இறங்கிப்போனது.

“கண்டிக்கு... இலங்கைக்குன்னு சொல்லும்மா.”

அதைக் கேட்டு அந்த அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் அந்த ஊரை விட்டு எங்கேயும் போனதில்லையாம், அவள் முகம் மட்டும் கடல் தாண்டிப் போகிறதே என்றாளாம். ஒரே ஒரு படம் எடுத்தேன். இந்த முறை சிரி என்று சொல்லவில்லை. அவளே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு அவள் தன் கூடையைக் காட்டி, என்னைக் காட்டி, இன்னொன்று கேட்டாள்.

“ஒங்க ஊர்லயும் இந்த மாதிரி குந்தியிருந்து புடுங்குற வேல இருக்கான்னு கேக்குறாங்க.”

“இருக்கு. நின்னுக்கிட்டு. தேயில மலையில.”

“ஒங்க வீட்டுல யாராச்சும் அந்த வேல செஞ்சாங்களான்னு கேக்குறாங்க அப்பா.”

தர்ஷினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாததா? உன் கூடைக்குள் தூங்கி வளர்ந்தவள். இருந்தும் என் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

உனக்கு ஞாபகம் இருக்குமே, ஒரு ஜப்பான் அம்மா உன்னைப் படம் எடுத்துவிட்டு, இவள் யார், பெயர் என்ன என்று என்னிடம் கேட்டாள். நான், “டீ ப்ளக்கர், மேடம்,” என்றேன், கொழுந்து எடுக்கிறவள் என்று. நீ உடனே நாடகத்துக்கு இறங்கிவிட்டாய். “சார், இன்னும் சிரிக்கணுமா சார்?” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று பின்னேரம் லயத்துக்கு வந்தபோது பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாய்: “ஏன் சார், என் பேரு டீ ப்ளக்கரா சார்?” ஊரே சிரித்தது. அதன்பிறகு எத்தனை ஆட்களைக் கூட்டி வந்தாலும் நான் உனக்குச் ‘சார்’தான். நல்ல பகிடி என்றுதான் நானும் இத்தனை காலம் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டுப் போட்டுக்கொண்டு, மகள் எடுத்துக் கொடுத்த சப்பாத்தோடு, அந்தக் கோயில் தோட்டத்தில் நின்று நான் சொன்னேன்: “நான் வேன் டிரைவர்னு சொல்லும்மா.”

தர்ஷினி அந்த அம்மாவிடம் திரும்பிச் சொன்னாள். நான் சொன்னது ஒரு வரி. அவள் சொன்னது நீண்டுகொண்டே போனது. நடுவில் முதுகில் கூடை மாட்டுகிற மாதிரி கையால் காட்டினாள். தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே தன் விரல்களைப் பார்த்தாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, மெதுவாக, நன்றாகக் குனிந்தாள். எனக்கு இல்லை அக்கா, அந்தக் கும்பிடு உனக்கு. நான் நடுவில் நின்று வாங்கிக்கொண்டேன்.

என்ன சொன்னாய் என்று நான் மகளிடம் கேட்கவில்லை. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இல்லை, தூங்குவது மாதிரி இருந்தாள்.

அந்த அம்மாவின் படத்தைக் கடையில் கழுவிக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லித் தர்ஷினியிடம் சொன்னேன். கொடுத்துவிட்டாளாம். படம் எங்கே போனது என்று அந்த அம்மாவுக்காவது தெரியட்டும். இங்கே, உன் முறைக்கிற படத்துக்குப் பக்கத்தில் அதையும் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கேட்டால், நம்ம சனம் என்கிறேன். உன் பேரன் இப்போது அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறான்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். அடுத்த கிழமை உன் திதிக்கு மலைக்கு வரும்போது உன்னோடு கொழுந்து எடுத்த ஒவ்வொருத்தரையும் கேட்டு, அவரவர் இஷ்டப்படி நிற்கவிட்டுப் படம் எடுப்பேன். கழுவி அவரவர் வீட்டில் கொடுப்பேன். என் மூக்கு விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தத் தோட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்: இவங்க பேரு பாக்கியம். என் கூடப் பொறந்த அக்கா.

இப்படிக்கு,
சார் இல்லாத, உன் தம்பி