மின்னாற்பகுப்பு வராது

நவம்பர் 11, செவ்வாய்
காலையில் வேதியியல், மதியம் இயற்கணிதம், பள்ளி விட்டதும் பலகையில் குழிக்குக் குழி கல் போட்டு ஆடும் ஒன்பது குழி ஆட்ட மன்றம். வீட்டுக்கு வந்தால் மே மாதப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு முப்பது கணக்கு. நான்கு வருடமாக மன்றமும் படிப்புமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஜிபார் மன்றத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்றோடு மூன்றாவது முறை என்னைத் தோற்கடித்தாள், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே!

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே மேசையில் என் பக்கத்தில் உட்காருகிறவள். சிரித்துக்கொண்டே கை குலுக்கினேன். வயிறு எரிந்தது.

நவம்பர் 14
மன்றத்தை நடத்தும் ஆசிரியர் தாலான்ட் அகாய் அறிவித்துவிட்டார். தலைநகர் பிஷ்கெக்கில் நடக்கும் போட்டிக்கு, நாரினில் இருக்கும் எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெண். "ஜிபார் போவா. அவளால முடியலைன்னா சாய்ரா."

முடியலைன்னாவா? நான் என்ன மாற்று டயரா?

வகுப்பாசிரியை குல்மிரா எஜெயும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். வேதியியல் அவருடையது. "காலாண்டுத் தேர்வுல அஞ்சுக்கு நாலாவது எடுக்காதவங்க, போட்டி கீட்டின்னு என் முன்னால வந்து நிக்காதீங்க." ஜிபார் வேதியியலில் மூன்றைத் தாண்டியதே இல்லை.

நவம்பர் 15
"சாய்ரா, நீதான்டி வேதியியல் சொல்லித் தரணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஜிபாரிடம் சரி என்றேன். வாய்தான் சொன்னது.

நவம்பர் 22
எங்கள் வீட்டில் அமிலமும் காரமும் நடத்தினேன். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறாள். அதுவும் எரிச்சலாக இருக்கிறது. அம்மா அவள் தட்டில் மட்டும் இன்னொரு கை பொரித்த பூர்சோக் மாவுத்துண்டுகளை அள்ளி வைத்தாள். "விளையாட்டு, படிப்பு ரெண்டையும் வெச்சுக்கிட்டு எவ்வளவு கலகலன்னு இருக்கா பாரு! நீ எப்பப் பார்த்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

எங்கள் ஆட்டத்தில் எதிராளியின் வரிசையில் ஒரு குழியை நம்முடையதாகப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் தூஸ். அதன்பின் அவர் கையாலேயே போடும் கல்லும் அதில் விழுந்தால் நமக்கு. ஜிபார் என் வீட்டுக்குள்ளேயே ஒன்று பிடித்துவிட்டாள்.

டிசம்பர் 6
கடைசிப் பாடம், மின்னாற்பகுப்பு. அவளுக்குக் கொட்டாவி.

"இது பரீட்சைல வருமாடி? தலை சுத்துது."

"வராது. விட்டுடு."

இதிலிருந்து ஒரு பெரிய கேள்வி நிச்சயம் என்று எஜெ இரண்டு முறை சொல்லியிருந்தார். அன்று ஜிபார் வகுப்பில் இல்லை. போட்டிப் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாத மாதிரி கேட்கிறேன் பார்.

டிசம்பர் 9
வந்தது. நான்காவது கேள்வி. அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுதினேன்.

டிசம்பர் 12
எனக்கு ஐந்து. அவளுக்கு மூன்று. அகாய் என்னைக் கூப்பிட்டு, கிளம்பத் தயாராக இருக்கச் சொன்னார். கழிவறையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு இரண்டு குதி குதித்தேன்.

டிசம்பர் 13
ஜிபார் வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து, பதில்களை வரிசையாகத் தயார்செய்து வைத்திருந்தேன். தன் ஆட்டக் குறிப்பு நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"எல்லாத் தொடக்கமும் இதுல இருக்கு. வழியில பஸ்ல பாரு. அந்த நாலாவது கேள்வியைப் பார்த்ததும் பக்குனு ஆயிடுச்சுடி. நீயும் படிக்காம விட்டிருப்பியேன்னு. நீ எழுதறதைப் பார்த்தப்புறம்தான் எனக்கு உயிரே வந்துது."

திட்டியிருக்கலாம்ல? கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். ஏன் இப்படி இருக்கா இவ? இதுலயும் என்னை ஜெயிக்கணுமா?

நோட்டை வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 15
எஜெயிடம் போய், ஜிபாருக்கு மறுதேர்வு வையுங்கள் என்றேன்.

"அவளே கேக்கலை. உனக்கென்ன?"

"மின்னாற்பகுப்பு வராதுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன்."

எஜெ கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். "புதன்கிழமை வெக்கறேன். அதுவரைக்கும் நீயே உக்காந்து சொல்லிக் குடு. ஒரு வரி விடாம."

டிசம்பர் 17
ஜிபார் நான்கு. எஜெ அவளிடம் எதையும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அகாய் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு மேலே அவள் பெயரை எழுதினார். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

டிசம்பர் 20, சனி
பக்கத்து இடம் காலி. மேசை முழுக்க எனக்கே.

மதியம் அவள் போனில் ஒரு படம் அனுப்பினாள், பலகையும் கற்களும். இன்றைய ஆட்டத்தில் தோற்றுவிட்டாளாம். படித்ததும் இனித்தது. இந்த டைரியில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கீழே எழுதியிருந்தாள்: "நாளைக்கும் இதே பொண்ணோடதான் ஆட்டம். இந்த இடத்துலதான் மாட்டிக்கிட்டேன். நீயா இருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஏழாவது குழியிலிருந்து எடுத்திருக்க வேண்டும், தூஸ் கிடைத்திருக்கும். இந்த ஆட்டத்தை நான் ஜெயித்திருப்பேன். அவள் தோற்ற ஆட்டத்தை, நான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று கணக்கு போட்டேன். மூன்றும் தப்பு.

பிறகு எடுத்து எழுதினேன்: "ஏழாவது குழி. அப்புறம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டா நீ என் பக்கத்துல உக்காரவே மாட்டே. ஜெயிச்சுட்டு வா, சொல்றேன்."