நாற்பத்தாறரைப் புள்ளிகள்

மச்சான்,

போன சனிக்கிழமை பின்னேரம் ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பந்தயக் கம்பனியின் மின்னஞ்சல். அவர்களுடைய செயலியை நான் எப்போதோ அழித்துவிட்டேன். ஆனாலும் அமெரிக்காவில் கல்லூரிகள் காற்பந்து விளையாடத் தொடங்கும் காலம் வந்தால் அவர்கள் என்னை மறப்பதில்லை. ஒரு பெரிய பல்கலைக்கழகம், ஒரு சின்னப் பல்கலைக்கழகம், நடுவில் ஓர் எண்: நாற்பத்து நாலரை. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பழக்கியது நீதான். சுவிஸில் பதினைந்து வருடம் உணவகக் குசினிகளில் அடுப்போடு நின்றுவிட்டு லண்டனுக்கு வந்தாய். நான் டைல்ஸ், நீ பிளம்பிங், இருவருக்கும் வேலைக்கு ஓட்டிப்போக ஒரே வான். உன் அக்காவின் மகன் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தபோது, அந்தக் கல்லூரி எப்படி விளையாடுகிறது பார்ப்போம் என்று போனைத் திறந்தாய். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் காற்பந்து என்று பெயர் என்பதே நமக்கு விளங்கவில்லை. அன்று மருமகனின் கல்லூரி அறுபது புள்ளியால் தோற்றது. நீ வான் குலுங்கச் சிரித்தாய்.

பிறகுதான் இப்படி ஒருபக்கமான ஆட்டங்களுக்கும் பந்தயம் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தாய். யார் வெல்வார் என்பது அங்கே கேள்வியே இல்லை, எத்தனை புள்ளியால் என்பதுதான் கேள்வி. பலமில்லாத பக்கத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து என்று முன்னரே புள்ளி கொடுத்துவிடுவார்கள். அந்த அளவுக்குள் தோற்றால், அந்தப் பக்கத்தில் காசு வைத்தவனுக்கு வெற்றி. அரைப் புள்ளி எதற்கு என்று கேட்டேன். "சமன் எண்டு ஆரும் தப்பேலாது, அதுக்குத்தான்" என்றாய்.

நீ எப்போதும் தோற்கிறவர்களின் பக்கம்தான் நின்றாய். ஒரு தடவை ஏன் என்று கேட்டபோது, "வெல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. தாங்கினால் காணும், அவ்வளவுதான்" என்றாய். சனிக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கும். உன் மனைவி முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்குத்தான் வருவாள். அதுவரை உன் வீட்டு முன்னறையில் நாம் இருவரும். ஆளுக்கு முப்பது பவுண், அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அந்த முப்பது பவுணுக்காக நான் நகம் கடித்த அளவுக்கு என் விசா வழக்குக்குக்கூடக் கடித்ததில்லை. வெற்றி தோல்வி எப்போதோ முடிவாகிவிட்டிருக்கும். பார்க்க வந்த சனம் எழும்பிப் போயிருக்கும். பெயர் தெரியாத ஒரு பொடியன் கடைசி நிமிடத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால், உலகத்தில் நாம் இருவர் மட்டும் துள்ளி எழும்புவோம்.

நாம் கடைசியாகச் சேர்ந்து பார்த்த ஆட்டம் இரண்டு வருடத்துக்கு முந்தியது. நமக்கு நாற்பத்தாறரை தந்திருந்தார்கள். ஐம்பத்திரண்டுக்கு ஏழு, நாற்பத்தைந்து வித்தியாசம். இன்னும் நாலு நிமிடம். பந்து பலசாலிகளிடம் இருந்தது. அவர்கள் கம்பத்துக்கு நடுவே ஓர் உதை உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் போதும், நம் கதை முடிந்தது.

அப்போதுதான் உன் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. இடது கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாய். என்ன செய்கிறது என்றேன். நெஞ்சுக்குள் யாரோ ஏறி இருப்பதுபோல இருக்கிறது என்றாய். சுவரில் மணிக்கூடு எட்டு அடிக்க ஐந்து நிமிடம் காட்டியது. நான் போனை எடுத்தேன்.

"அம்புலன்ஸுக்கு அடிக்கட்டோ?"

"நாலு நிமிசம்தானே மச்சான். முடியட்டும்."

அந்த விளையாட்டில் நாலு நிமிடம் என்பது நாலு நிமிடம் அல்ல என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பந்து நிலத்தில் விழுந்தால் ஆட்டத்தின் மணிக்கூடு நிற்கும். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு படுத்தால் நிற்கும். விளம்பரம் வந்தால் நிற்கும். பலசாலிகள் பந்தைத் தவறவிட்டார்கள், நம்மவர்கள் எடுத்தார்கள், அவர்களும் எறிந்து எறிந்து வீணாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். நாலு நிமிடம் இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. நீ மறித்ததால் பொறுத்திருந்தேன் என்று நான் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. நடுவில் ஒரு கட்டத்தில் போன் என் கையில் இருக்க, நான் உன்னை மறந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பலசாலிகள் உதைக்கவில்லை. பந்தை வைத்துக்கொண்டு முழந்தாளில் குந்தி நேரத்தைப் போக விட்டார்கள். நீ சிரித்தாய். "தாங்கிட்டாங்கள்" என்றாய். பிறகு, "இப்ப அடி" என்றாய்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் வைத்தியர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நெஞ்சு நோ எத்தனை மணிக்குத் தொடங்கியது? எட்டேகால் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எழுதிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அந்த இருபது நிமிடம் உன்னைக் காப்பாற்றியிருக்குமா என்று எந்த வைத்தியரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

செத்த வீட்டில் உன் மனைவி வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, அண்ணை பக்கத்தில் இருந்தபடியால் உடனே அம்புலன்ஸுக்கு அடித்தார், இல்லாவிட்டால் அந்த மூன்று நாளும் கிடைத்திராது என்றாள். ஆட்கள் என் கையைப் பிடித்தார்கள். உன் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அதன்பிறகு நான் உன் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். நான் இருக்கும் குட்மேய்ஸிலிருந்து உங்கள் ஸ்ட்ரெதம் தூரம் என்று சாக்குச் சொன்னேன்.

போன சனிக்கிழமை அந்தச் சாக்கும் இல்லை. வேலை செய்த வீட்டிலிருந்து உன் வீடு நடை தூரம். கை கழுவிக்கொண்டு நேரே போனேன். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுக்கு ஐந்து நிமிடம், இருபத்திரண்டு நிமிடம், வைத்தியருக்குச் சொன்ன பொய், எல்லாம்.

கத்துவாள், வெளியே போகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அண்ணை, அண்டைக்கு ஏழரைக்கு அவர் எனக்குப் போனில கோல் எடுத்தவர். நீங்கள் முன்னறையில ரீவி பாத்துக்கொண்டிருந்தனீங்களாம், தான் குசினிக்குள்ள நிண்டு கதைக்கிறன் எண்டவர். நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்காம். எனக்கு வேலை நேரம். வாயுவா இருக்கும், சோடா குடியுங்கோ எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டன்."

ஏழரைக்கே உனக்குத் தொடங்கியிருக்கிறது. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை நீ. இரண்டு வருடமாக ஒருத்தி ஸ்ட்ரெதமிலும் ஒருத்தன் குட்மேய்ஸிலும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

அவள் தேத்தண்ணி போட்டாள். இருவரும் குடித்தோம். நான் எழும்பியபோது, மகளுக்கு இது ஒன்றும் தெரியவேண்டாம், செத்த வீட்டில் தான் சொன்னது அப்படியே இருக்கட்டும் என்றாள். நான் வாக்கு ஒன்றும் கொடுக்காமல் வெளியே வந்தேன்.

உன் மகள் இப்போது மருத்துவம் படிக்கிறாள், மச்சான். இந்த வருடம் இருதயம் பற்றிப் படிக்கிறார்களாம். என்றைக்காவது ஒருநாள் அவள் என்னிடம் வந்து, மாமா, அப்பாவுக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்பாள். அவள் பெயர் போனில் வரும்போதெல்லாம் அதுதானோ என்று எடுக்கத் தயங்குகிறேன். தங்கச்சிக்காகவேனும் வாய் மூடி இருக்கவேண்டும் என்று சில நாள் நினைக்கிறேன். ஆனால் அவள் கேட்டால் எட்டேகால் என்று இன்னொரு தடவை சொல்ல என்னால் ஏலாது.