அந்த வீட்டில் எத்தனை பேர்?

அன்புள்ள சுனைனா,

நலம்தானே? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? ஜும்லா மலைக் கிராமங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்திக்கொண்டு நான் சுகமாக இருக்கிறேன்.

நேற்று ஜௌகலா என்ற பெண், "வீட்டுல நான் மட்டும்தான். புருஷன் கத்தார்ல" என்றாள். உள்ளே யாரோ இருமினார்கள்.

"யாரது?"

"ஆடு சார்."

"ஆடு பீடி குடிக்குமா?"

அவள் கணவனே வெளியே வந்தான். "வேலை போயிருச்சு சார். ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க. கத்தார்னே எழுதிக்குங்க."

உள்ளதைத்தான் எழுதினேன். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தும் ஜௌகலா நம்பவில்லை. "சர்க்கார் ஆளுங்க வாய் நிக்காது" என்று வீட்டுக்கு வீடு என் பின்னாலேயே வந்தாள்.

கம்பளிக் காலுறையும் மாங்காய் ஊறுகாயும் அனுப்பு. நம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு வந்தால், என்னை விட்டுவிடாதே. தபால்காரர் கிளம்புகிறார்.

உன்
பினோத்