லொரெட்டா என்னோடு பேசாத ஆட்டம்

ஜூன் 3
டயர் கடையில் மத்தியானம் வரை ஈ ஓட்டினேன். பிறகு ஒருவர் வந்து, "நீங்க டிவியில பந்து போட்டவர்தானே?" என்றார். பதினோரு வருடம் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியதில் டிவியில் வந்தது நான்கு தடவை. நான்கிலும் செம அடி வாங்கினேன். ஆனாலும் நெப்ராஸ்காவில் ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறாரே! அவர் வண்டியின் ஸ்டெப்னிக்கும் சேர்த்துக் காற்றடித்துக் கொடுத்தேன்.

ஜூன் 14
இப்போது நான் பந்து வீசும் ஊர் அணிக்கு ஸ்கோர் எழுதும் லொரெட்டா இன்று என் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். நாற்பத்தாறு வயதில் இதையெல்லாம் எழுதிவைப்பார்களா? நான் வைக்கிறேன்.

ஜூலை 19
லொரெட்டாவிடம் கேட்டுவிடப் போகிறேன். தோள் வலித்தால் ஐஸ் வைக்கலாம். இதற்கு எதை வைப்பது?

ஜூலை 22, ஞாயிறு
ஆட்டத்துக்கு முன் கேட்டேவிட்டேன். "என்னைக் கட்டிக்கிறியா?"

"யோசிக்க விடு. அஞ்சாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் வா, சொல்றேன்."

முடிந்ததும் ஓடினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறாவதிலும் அப்படித்தான். போச்சு, எல்லாம் போச்சு. அந்தக் கோபத்தில் பந்து என் இருபது வயதில்கூடப் பறக்காத மாதிரி பறந்தது.

ஏழாவது முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால், என் பந்தைப் பிடிக்கும் கேட்சர் டுவேன்கூடத் தள்ளிப் போய் உட்கார்கிறான். அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். எதிரணி பந்தை அடித்து ஓடித் தளம் சேர்ந்த ஹிட்: பூஜ்யம்!

அடப்பாவி, இதையா மறந்தேன்? ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசிக்கொண்டிருப்பவனிடம் யாரும் பேசமாட்டார்கள், ராசி போய்விடும். அப்படியானால் அவள் மௌனம் மறுப்பு இல்லை. இல்லை, மறுப்பும்தானோ? யாரிடம் கேட்பது — ஒருவரும் பேசமாட்டார்களே!

பதினோரு வருடம் ஏங்கிய ஆட்டம். ஒன்பதில் இன்னும் இரண்டு இன்னிங்ஸ். அவள் பதிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம். என்னால் முடியாது சாமி.

எட்டாவதின் முதல் பந்து கொஞ்சம் மெதுவாகப் போனது. வேண்டுமென்றேவா? சத்தியமாக இல்லை. சரி, கொஞ்சம். எதிரணிக்காரன் அடித்தான், ஹிட். ஊரே தலையில் கை வைத்தது. நான் மட்டும் ஸ்கோர் மேசையைப் பார்த்தேன்.

லொரெட்டா எழுந்து நின்று, ஊர் கேட்கக் கத்தினாள்: "சம்மதம்யா, சம்மதம்! அதுக்காக இப்படியா ஒரு பந்து போடுவ?"

அப்புறம் வேறு ஹிட்டே இல்லாமல், நான் தாறுமாறாக வீசியே ஆறு ஓட்டம் கொடுத்துத் தோற்றோம். சிரிப்பு நிற்கவே இல்லை.

செப்டம்பர் 9
கல்யாணம் முடிந்தது. கேக் வெட்டும்போதும் டுவேன் விடவில்லை. அந்த ஹிட்டை ஃபீல்டரின் பிழை என்று மாற்றி எழுதச் சொல்லி லொரெட்டாவிடம் கெஞ்சினான், இவன் கணக்கில் ஹிட்டே இல்லாத ஒரு ஆட்டமாவது இருக்கட்டும் என்று. அவள் மசியவில்லை.

"ஹிட் ஹிட்தான். இவன் ஆசைப்பட்டுக் குடுத்தது. அதை நான் அடிச்சு அழிப்பேனா?"

நாளை கடைக்கு லீவு.