சிவப்புப் பூ சொன்ன எஞ்சின்

என் மாமாவுக்கு,

கட்டிக்கொண்ட நாளிலிருந்து கூப்பிட்ட அதே முறையில்தான் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்க நீங்கள் இல்லை. நீங்கள் போய் மாசம் ஒன்றாகிறது.

உங்கள் ஜீப்புக்கு நேற்று எஞ்சின் மாட்டியாயிற்று. டீசல்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிளாக்கில் விரிசல் விட்ட பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி இறக்கிய அன்றே வம்பு தொடங்கிவிட்டதே, நினைவிருக்கிறதா? என் தம்பி செல்வம் சங்ககிரியில் ஒரு பழைய டீசல் எஞ்சினைப் பார்த்து வைத்திருந்தான்.

"இழுவை நல்லாருக்குங்க மாமா. பெட்ரோல் எஞ்சினுக்கு இனி சாமான் எங்கீங்க கெடைக்குது?"

"வண்டி மூக்குல அத்தனை கனத்த வெச்சுக்கிட்டு மலைச் சேத்துல எப்படிடா திருப்பறது? சத்தம் வேற, நெல்லு மில்லாட்ட!" என்றீர்கள்.

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றபோது நான்தான் வாயைக் கொடுத்தேன். "அம்மன் கோயில்ல பூ கேட்டுப் பாத்தரலாமுங்க." பெட்ரோலுக்கு வெள்ளை, டீசலுக்குச் சிவப்பு. அமாவாசையன்று பூசாரி கண்ணை மூடி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்பு.

உங்கள் முகம் வாடிப்போனது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அடுத்த அமாவாசைக்கு இன்னொருக்கா கேக்கறமுங்க" என்று பூசாரியிடம் சொல்லிவிட்டேன். சாமி சொன்னதை உங்கள் முகத்துக்காகத் தள்ளிப் போட்டேன்.

அதிலிருந்து இருபதாம் நாள், பட்டப்பகலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மலையில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு உங்கள் ஜீப்புதானே போகும்? அது வாசலில், பானெட்டுக்குள் ஒன்றுமில்லாமல் நின்றது. உங்களை மாட்டு வண்டியில் படுக்க வைத்தோம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் "மெதுவா, சாமி" என்று என்னிடம் சொன்னீர்கள், நானே ஓட்டுகிற மாதிரி. பாதி வழிக்குமேல் அந்தக் குரலும் வரவில்லை.

அன்றைக்கே சிவப்பை ஒத்துக்கொண்டிருந்தால் பத்து நாளில் வண்டி ஓடியிருக்கும். என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, செல்வம்கூட. திட்டினால் தேவலை மாமா. நீங்களாவது திட்டியிருப்பீர்களா?

நேற்று செல்வம் வண்டியைக் கிளப்பினான். நெல்லு மில் சத்தமேதான். காதைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மலைக்காரர்கள் வந்து கூப்பிடுகிறார்கள், வண்டி போகாமல் தீராது. நம் காட்டோரம் உங்களை வைத்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது அங்கே இறக்கம். எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போது மேடு. நானும் வண்டியில் கூடத்தான் போகிறேன், அப்போது இறங்கித் தள்ளுகிறேன் மாமா. உங்கள் தலைமாட்டில் அந்தச் சத்தம் கேட்காது. இது சத்தியம்.

உங்கள் அத்தை மகள்,
பாவாயி