மைமூனின் சட்டியில் சமைத்தது

வசந்தா, என் வசந்தா,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று மாலை நான் பன்றி இறைச்சி சமைத்த சட்டி நம்முடையதல்ல. எதிர்வீட்டு மைமூனுடையது. தகவல் தந்தவளும் மைமூன்தான். ஏழு மணி வாக்கில் நம் வாசல் கிரில்லுக்கு வெளியே நின்று சொன்னாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் இந்த வீட்டில் கவுச்சி சமைக்கவில்லை. விரதம் ஒன்றும் இல்லை. எதையும் சமைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் மைமூன்தான் சோறும் சைவக் குழம்பும் கொடுத்தாள். ஒருநாள் சாம்பாரைச் சட்டியோடு வைத்துவிட்டுப் போனாள்.

சட்டியைக் கழுவினேன். திருப்பிக் கொடுக்கவில்லை. வெறும் பாத்திரத்தை நீ ஒருநாளும் அந்த வீட்டுக்கு அனுப்பியதில்லை, ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவாய். நான் எதைப் போட்டுக் கொடுப்பது? தெரியாமல் சிங்க்குக்குக் கீழே வைத்துவிட்டேன். உன் பன்றிச் சட்டியும் அங்கேதான் இருந்தது. அதை ஏன் தனியாக வைத்திருக்கிறாய் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது கேட்டிருக்கிறேனா? மைமூன் வந்தால் டீ போடும் பாத்திரங்களோடு அது சேரக்கூடாது என்பதற்காகத்தான் என்று இன்றுதான் உறைத்தது.

நேற்று நம் மகள் கவிதா கிள்ளானிலிருந்து வந்தாள். அரைக் கிலோ இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போனாள். "அம்மா செய்ற மாதிரி செய்ங்கப்பா. சோயா சாஸ், மொளகு, பெரிய வெங்காயம். கெழங்க பட்டர் போட்டு மசிச்சிருங்க. ஒன்னும் கம்பசூத்திரம் இல்ல லா."

செய்தேன். சிங்க்குக்குக் கீழே கைக்கு வந்த சட்டியை எடுத்தேன். உருளைக்கிழங்கில் கட்டி இருந்தது. இறைச்சி நன்றாக வெந்திருந்தது. வாயில் வைத்தேன். உப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டால் உன் நினைவில் அழுவேன் என்று கவிதா எதிர்பார்த்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை. மென்று விழுங்கினேன்.

அப்போதுதான் மைமூனின் குரல். "அண்ணே, சாப்புட்டீங்களா?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்."

"என் சட்டி ஒன்னு இங்க இருக்கு. ஒரு பக்கம் கைப்புடி ஆடும். எங்கம்மா குடுத்தது. சனிக்கிழம வீட்டுல கெண்டூரி, நெறைய பேரு சாப்புட வர்றாங்க. அதுலதான் கஞ்சி காய்ச்சணும்."

இறக்கும்போது கைப்பிடி ஆடியது என் கைக்கு நினைவிருந்தது. "கழுவி நாளைக்குத் தரேன்," என்றேன். அவள் போய்விட்டாள்.

கவிதாவுக்கு போன் செய்தேன். முதலில் சிரித்துவிட்டாள். "ஏம்ப்பா, ஊர் ஒலகச் செய்தியெல்லாம் ரெண்டு தடவ சரிபார்த்து எழுதுன ஆளு. ஒரு சட்டிய சரிபார்க்க முடியலையா?" பிறகு குரல் தணிந்தது. "நல்லா தேச்சுக் கழுவிக் குடுத்துருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் சனிக்கிழமை அத்தனை பேர் அவளை நம்பி அந்தக் கஞ்சியைக் குடிப்பார்கள். அவள் என்னை நம்பிக் காய்ச்சியிருப்பாள்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். "மைமூன், அது தெரியாம நடந்துபோச்சு. உன் சட்டியில பன்னி எறச்சி ஆக்கிட்டேன்."

"அம்மா சட்டியிலயா?" என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டாள். "வசந்தாக்கா இருந்திருந்தா உங்கள குசினிப் பக்கமே விட்டிருக்க மாட்டாங்க."

கேலியா, கோபமா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. அது சட்டிக்காகவா உனக்காகவா என்றும் தெரியவில்லை.

"ஏண்ணே சொன்னீங்க? கழுவிக் குடுத்திருந்தா எனக்கு என்ன தெரியும்?"

"நீ அதுல கஞ்சி காய்ச்சுவியே."

அவள் மெதுவாகப் பேசினாள். "கழுவுறதுக்கு எங்களுக்கு மொற இருக்கு. மண்ணு கலந்த தண்ணி ஒரு தடவ, நல்ல தண்ணி ஆறு தடவ. கழுவுனா சுத்தம்தான். மனசு ஒத்துக்கணும்ல? அவரு ஈப்போவுலருந்து வரட்டும். பேசிட்டுச் சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. வேகமாக இல்லை.

திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. வருத்தப்பட வேண்டும் என்று தெரிகிறது வசந்தா. இன்னும் வந்து சேரவில்லை.

மைமூன் சட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வாளா, பழையபடி நம் வாசலில் வந்து "சாப்புட்டீங்களா" என்று கேட்பாளா, இரண்டும் இன்னும் தெரியாது. அவள் கணவர் வெள்ளிக்கிழமை வருகிறார். தொழுகைக்குப் பிறகு பதில் கிடைக்கும்.

பதில் எதுவானாலும் கவிதாவை அனுப்பமாட்டேன். நானே போய்க் கதவைத் தட்டிக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருடம் அந்த வீட்டோடு நமக்காகப் பேசியது நீதான். இனி நான் பேசுகிறேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து,
உன் வீட்டுக்காரன்